தெரிந்த சொல்தான் வழுக்கும்: பழைய ஆங்கில நூல்களில் எதிர்ப்பட்ட சொற்கள்

பழைய ஆங்கில நூல்களில் தெரியாத சொல் வந்தால் ஆபத்தில்லை, உடனே அகராதியைப் புரட்டிவிடுவோம். தினமும் புழங்குகிற சொல் வேறு பொருளில் வந்தால்தான் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறோம். அப்படிப்பட்ட சொற்களை இங்கே எழுதுங்கள். எந்த நூல், எந்த இடம், எதை வைத்துப் பிடிபடுகிறது என்பதும் வேண்டும்.

தொடக்கமாக 'லெட்'. ஹேம்லெட், முதல் அங்கம், நான்காம் காட்சி. தந்தையின் ஆவி சைகை காட்டி அழைக்கிறது. ஹொரேஷியோவும் மார்செல்லஸும் இளவரசனைப் பிடித்து நிறுத்துகிறார்கள். அவன் திமிறியபடி, என்னை 'லெட்' செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான். இதை 'அனுமதி' என்று படித்தால், வழிவிடுகிறவனைக் கொல்வேன் என்று ஆகிவிடும். இங்கே பொருள் 'தடு'. பழங்காலத்தில் இவை இரண்டு தனி வினைகள். 'லேட்டன்' என்றால் விடுதல், 'லெட்டன்' என்றால் தாமதிக்கச் செய்தல், தடுத்தல். பின்னதற்குத் 'தாமதம்' என்ற பொருளில் வரும் 'லேட்' உறவு. இரண்டும் ஒரே ஒலியாகிவிட்ட பிறகு 'தடு' மெல்ல ஒதுங்கியது. ஆனாலும் நம் பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் அச்சாகும் வேண்டுகோளில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்' என்று இன்றும் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள்.

* * *

விவிலியத்திலிருந்து மூன்று. 1611ஆம் ஆண்டு ஜேம்ஸ் மன்னர் பதிப்பைப் படிக்கிறவர்கள் பக்கத்தில் தமிழ் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. 1 தெசலோனிக்கேயர் 4:15இல் 'பிரிவென்ட்' வருகிறது. தமிழில் 'முந்திக்கொள்வதில்லை'. லத்தீனில் 'முன்னே வருதல்' என்பதுதான் அதன் வேர். முந்திப் போனவன் வழியை அடைக்க முடியும் என்பதால் அது பிறகு 'தடுத்தல்' ஆனது. மாற்கு 10:14இல் 'சஃபர்' துன்பத்தைக் குறிக்காது, 'இடங்கொடுங்கள்' என்பதே பொருள். 23ஆம் சங்கீதத்தின் 'ஐ ஷல் நாட் வான்ட்' தமிழில் 'நான் தாழ்ச்சியடையேன்'. குறை இருக்காது என்பது கருத்து, ஆசைப்படமாட்டேன் என்பதல்ல.

ஒரு எச்சரிக்கை: தமிழ் வேதாகமம் எபிரெய, கிரேக்க மூலங்களையும் பார்த்துச் செய்யப்பட்டது. அதனால் அது திசை காட்டும், ஆனால் ஆங்கிலத்துக்குச் சொல்லுக்குச் சொல் அகராதியாகாது.

* * *

'வான்ட்' பற்றி எழுதியவருக்கு ஒரு சேர்க்கை. ஜேன் ஆஸ்டனின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) முதல் வாக்கியத்தில், வசதியுள்ள பிரம்மச்சாரி ஒரு மனைவி 'இன் வான்ட்' ஆக இருந்தே தீரவேண்டும் என்று வரும். இங்கேதான் சிக்கல். 'ஆசை' என்று வைத்தாலும் வாக்கியம் உடையாது. விடை அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது. அவனுடைய மனநிலை அக்கம்பக்கத்தாருக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருந்தாலும் சரி என்கிறார் ஆசிரியர். அப்படியானால் பேச்சு அவன் விருப்பத்தைப் பற்றியதல்ல, அவன் வீட்டில் ஒரு குறை இருப்பதாக ஊர் தீர்மானித்துவிட்டது பற்றியது. ஒரு சொல்லின் பழைய பொருள் தெரிந்தால்தான் அந்த வரியின் முழு ருசியும் கிடைக்கிறது.

அதே நூலில் 'கேண்டிட்'. இன்று 'ஒளிவுமறைவில்லாத' என்கிறோம். நான்காம் அத்தியாயத்தில் எலிசபெத், எல்லாரிடமும் நல்லதையே எடுத்துப் பெரிதாக்கி, கெட்டதைப் பேசாமல் விடுவதை அக்கா ஜேனின் 'கேண்டிட்' குணமாகச் சொல்கிறாள். கிட்டத்தட்ட நேரெதிர்! ஆஸ்டனின் இன்னொரு நாவலான 'எம்மா'வில் எல்டன் என்பவர் வண்டிக்குள் 'மேக்கிங் லவ்' செய்வது காதலை வாயால் சொல்லி மன்றாடுவது மட்டுமே. மொழிபெயர்ப்பாளர்கள் இதில் கவனம் வையுங்கள்.

* * *

தேடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நூல் வெளிவந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் நிறைவுற்ற பெரிய ஆக்ஸ்போர்டு அகராதியில் பொருள்கள் வரலாற்று முறையில் அடுக்கப்பட்டிருக்கும். முதலில் இருப்பது பெரும்பாலும் பழையது, இன்று அதிகம் வழங்குவது என்று நினைத்துவிடக் கூடாது. மாணவர் அகராதிகளிலோ புழக்கம் மிகுந்தது முன்னே வரும். இந்த வரிசையைக் குழப்பிக்கொள்வதுதான் நிறையப் பேர் செய்யும் தவறு. கத்திக் குறி (†) போட்ட பொருள் வழக்கொழிந்தது. ஒவ்வொரு பொருளின் கீழும் ஆண்டு போட்ட மேற்கோள்கள் இருக்கும். உங்கள் நூலின் ஆண்டுக்கு முன்னும் பின்னும் மேற்கோள் உள்ள பொருளை வாக்கியத்தில் பொருத்திப் பாருங்கள். ஷேக்ஸ்பியருக்கு அலெக்சாண்டர் ஷ்மிட்டின் சொற்களஞ்சியம் போதும், காட்சி எண்ணோடு இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டு நூல்களுக்கு ஜான்சனின் 1755 அகராதி.

ஆர்வத்தில் எல்லாவற்றுக்கும் பழைய பொருளைத் திணிக்கவும் வேண்டாம். ஷேக்ஸ்பியரிலேயே 'லெட்' பெரும்பாலும் 'விடு' என்றுதான் வரும்.

* * *

நாடகம் போடுகிறவர்களுக்கு: ஜூலியட்டின் 'வேர்ஃபோர்' என்பது 'ஏன்'. நீ ஏன் ரோமியோவாக, பகைக் குடும்பத்தானாக இருக்கிறாய் என்று கேட்கிறாள். ஆளைத் தேடி இருட்டில் எட்டிப் பார்க்கும் நடிப்பு தப்பு. அழுத்தம் 'ரோமியோ' என்ற பெயரில் விழவேண்டும்.

'தவ்' நமக்கு எளிது, அது நம் 'நீ'. நெருக்கத்துக்கும் வரும், மட்டந்தட்டவும் வரும். 'ட்வெல்ஃப்த் நைட்' மூன்றாம் அங்கத்தில், எதிரியைச் சண்டைக்கு இழுக்கக் கடிதம் எழுதப் போகும் ஆண்ட்ரூவுக்கு டோபி சொல்லும் யோசனை, அவனை மூன்று தடவை 'தவ்' போட்டு எழுது என்பது. இன்றைய ஆங்கிலத்தில் அந்த வரிக்கு உரை எழுத வேண்டியிருக்கிறது. தமிழில் 'ஒருமையில் எழுது' என்றால் போதும்.