எச்4 விசாவில் இருப்பவர் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசலாமா? (சான் பிரான்சிஸ்கோ)

நிலா_அம்மா:
வணக்கம். கணவருக்கு அமெரிக்காவில் எச்1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்து கிடைத்த எச்4. மகளை அடுத்த வருடம் கிண்டர்கார்டனில் சேர்க்க வேண்டும். இங்கே பக்கத்துப் பள்ளி தானாகக் கிடைத்துவிடாது, ஊர் முழுக்க உள்ள அரசுப் பள்ளிகளில் வேண்டியதை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்க வேண்டும், இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் அண்ணன் அக்கா அங்கே படிக்கிறார்களா என்பது போன்ற முன்னுரிமைகளைப் பார்த்து, அப்புறம் குலுக்கல். இதை விட்டுவிட்டு மண்டலம் பிரித்து அதற்குள் மட்டும் தேர்ந்தெடுக்கும் முறைக்கு 2020ல் இந்த ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி வாரியம் ஒப்புதல் கொடுத்தது, நடைமுறைக்கு வருவது தள்ளிக்கொண்டே போகிறது. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குறையக் கூடாது என்று பேசப் போகும் பெற்றோர் சிலர் என்னையும் கூப்பிடுகிறார்கள். வாடகைக்கு இருக்கும் எங்களுக்கு வீடு மாறினால் மண்டலமும் மாறிவிடும் என்பதால் எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் விசாவில் இருந்துகொண்டு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குமரன்_எஸ்எஃப்:
தாராளமாகப் பேசலாம். கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி கூட்டம் எல்லோருக்கும் பொது, பேச வருபவர் பெயரைக்கூடச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரல் வெளியாகிவிடும், அதில் உங்கள் விஷயம் இருக்கிறதா என்று பார்த்துப் போங்கள், இல்லாததைப் பேசினால் கேட்டுக்கொள்வார்களே தவிர அன்று முடிவெடுக்க முடியாது. ஒன்றிரண்டு நிமிடம்தான் கிடைக்கும், அதனால் வாடகை வீட்டு விஷயத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

பேசி என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதீர்கள். எட்டாம் வகுப்பிலிருந்து 2014ல் எடுத்த அல்ஜீப்ராவைப் பெற்றோர் வருடக்கணக்கில் விடாமல் கேட்டுத்தான் 2024 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவர வாரியம் முடிவு செய்தது.

தேன்மொழி:
ஒன்று மட்டும் கவனம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்கள் வாரியத் தேர்தலில் நிற்கும் யாருக்கும் நன்கொடை கொடுக்கக் கூடாது, உள்ளூர்த் தேர்தலுக்கும் தடைதான். அதே சமயம் குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் வாக்களிக்கலாம் என்று 2016ல் இந்த ஊர் மக்கள் முடிவு செய்தார்கள், வழக்குப் போய் 2023ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஒவ்வொரு தேர்தலுக்கும் தனிப் படிவம். ஆனால் அந்த விவரம் குடிவரவுத் துறை கைக்குப் போகலாம் என்று நகராட்சியே எச்சரிக்கிறது, வக்கீலைக் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள்.

செல்வி_அக்கா:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரின் அந்தக் கோடியில் நல்ல பள்ளி இருந்து என்ன, காலையில் அங்கே கொண்டுபோய் விடக் கார் இருக்க வேண்டும், அல்லது வேலைக்குத் தாமதமாகப் போக விடும் முதலாளி இருக்க வேண்டும். அது இல்லாத குடும்பத்துக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை காகிதத்தில்தான். கேட்பதானால் பள்ளிப் பேருந்தையும் சேர்த்துக் கேளுங்கள், அப்போதுதான் இது எல்லோருடைய கோரிக்கையாகும்.

இன்னொன்று, சேர்க்கையின்போது வீட்டு மொழி என்ன என்று கேட்பார்கள். ஆங்கிலத் தேர்வு வைப்பார்களே என்று பயந்து நம்மவர்கள் பலர் தமிழை எழுதுவதில்லை. எழுதுங்கள். அந்தத் தேர்வை வைத்து ஆங்கிலம் கற்பவர்கள் என்று குறித்த பிள்ளைகள் 21 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அந்தப் பள்ளி அவர்களின் பெற்றோருக்கென்று ஆலோசனைக் குழு வைத்தே ஆக வேண்டும், குழந்தை சேர்ந்த பிறகு நீங்கள் போய் உட்கார வேண்டிய இடம் அது.

நிலா_அம்மா:
ரொம்ப நன்றி. பேருந்து விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அக்கா, எங்களிடமும் கார் ஒன்றுதான். அதையும் சேர்த்து எழுதிக்கொண்டு போகிறேன். கூட்டத்துக்குக் குழந்தையைக் கூட்டிப்போகலாமா?

குமரன்_எஸ்எஃப்:
கூட்டிப்போகலாம். நேரம் ஆகும், சாப்பாடு கொடுத்துக் கூட்டிப்போங்கள்.