மறுமொழி: ‘ஹீவ் டு’ – ‘பாய்த்தரிப்பு’ என்று வைக்கலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பாய்ப்படகைப் பாயை இறக்காமலே, முன்னேறாமல் மெல்ல நழுவும்படி அமைத்து வைப்பதை ஆங்கிலத்தில் ‘ஹீவ் டு’ (heave to) என்பார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: கலநிறுத்தம், மிதப்புநிலை, எதிர்ப்பாய் நிலை. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் சொல்வதற்கு முன், படகில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெளிவானால் சொல்லும் கிட்டத்தில் வந்துவிடும்.

நாங்கள் குடும்பமாக ஓட்டுவது காண்டெசா 32. இங்கிலாந்தின் லிமிங்டனில் 1970களில் கட்டிய 32 அடிப் பாய்ப்படகு. ஒரே பாய்மரம், அதன் பின்னால் பெரும்பாய், முன்னால் முன்பாய். சுக்கானுக்குச் சக்கரம் கிடையாது, நீளக் கைப்பிடிதான்.

காற்றுக்கு நெருக்கமாக ஏறி ஓடும்போது, அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றின் குறுக்கே மறுபக்கம் திருப்புகிறோம். வழக்கமாக அந்த நேரத்தில் முன்பாயின் தாமானை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை) அவிழ்த்து மறுபக்கம் இழுத்துக் கட்ட வேண்டும். இங்கே அவிழ்ப்பதில்லை. அதனால் முன்பாய் காற்று வரும் பக்கமே மாட்டிக்கொள்ளும். காற்று அதன் முதுகில் அடித்து அணியத்தை விலக்கித் தள்ளும். அப்புறம் சுக்கான் பிடியைக் காற்று போகும் பக்கம் தள்ளிக் கட்டிவிடுகிறோம். இப்போது பெரும்பாயும் சுக்கானும் சேர்ந்து அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பப் பார்க்கும், முன்பாய் விடாது. கதவை இருபக்கமும் நின்று தள்ளுவது போல ஒன்றை ஒன்று சரிக்கட்டிக்கொள்ளும். படகு காற்றுக்கு ஏறத்தாழ 50 பாகையில் அமைந்து, மணிக்கு ஒன்று, ஒன்றரைக் கடல்மைல் வேகத்தில் நழுவிக்கொண்டிருக்கும். ஆட்டம் பாதியாகக் குறைந்துவிடும். சுக்கானை யாரும் பிடிக்கத் தேவையில்லை.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். சோறு வடிக்கலாம், வாந்தி எடுத்துக் களைத்தவரைப் படுக்க வைக்கலாம், பெரும்பாயைச் சுருக்கிக் கட்டலாம், தெரியாத துறைமுகத்துக்குள் இரவில் நுழையாமல் வெளியே விடியும்வரை காத்திருக்கலாம். எஞ்சினே இல்லாத படகில் உலகைச் சுற்றிய லின், லேரி பார்டி தம்பதி கடும்புயலுக்கும் இதையே முதல் உபாயமாகச் சொல்லிவந்தார்கள். நீளமான அடிக்கட்டை (கீல்) உள்ள பழைய படகுகள் இதில் நன்றாக அமையும். குறுகிய துடுப்பு போன்ற அடிக்கட்டை உள்ள புதுப் படகுகள் கொஞ்சம் அடம்பிடிக்கும், முன்னே ஓடப் பார்க்கும்.

சரி, இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

‘கலநிறுத்தம்’ தவறான சொல் மட்டுமில்லை, ஆபத்தான சொல்லும்கூட. கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளின்படி, நங்கூரம் இடாத, கரையில் கட்டாத, தரைதட்டாத எந்தக் கலமும் ஓட்டத்தில் இருக்கும் கலம்தான். இந்த நிலையில் உள்ள படகும் அப்படித்தான். இரவில் அது பக்க விளக்குகளையும் பின்விளக்கையும் எரிக்க வேண்டும், நங்கூர விளக்கை ஏற்றக் கூடாது. பாய்க்கலங்களுக்கிடையே யார் விலக வேண்டும் என்ற விதியும் அதைக் கட்டுப்படுத்தும். அதனால்தான் இடம் இருந்தால் காற்று வலப்பக்கம் வரும்படி அமைத்துக்கொள்வது நல்லது. காற்றை இடப்பக்கம் வாங்கிவரும் பாய்க்கலம் நமக்கு விலக வேண்டியிருக்கும். படகு நிற்கவும் இல்லை. பத்து மணி நேரத்தில் பத்துப் பதினைந்து கடல்மைல் நழுவிவிடும். காற்று போகும் பக்கம் கரை இருந்தால் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். ‘நிறுத்தம்’ என்று படித்துப் பழகியவர் அந்தக் கணக்கைப் போடுவாரா?

‘மிதப்புநிலை’ வேறொன்றுக்குப் பொருந்தும். எல்லாப் பாயையும் இறக்கிவிட்டு அலைபோக்கில் கிடப்பதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். அப்படிக் கிடக்கும் படகு பெரும்பாலும் அலைக்கு விலாவைக் காட்டும், உடையும் அலை அதை உருட்டிவிடக்கூடும். 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயத்தில் 303 படகுகள் புயலில் சிக்கி, போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ‘அசெண்ட்’ என்ற ஒரே படகு, அதுவும் காண்டெசா 32. புயலில் சிறுபடகு என்ன செய்ய வேண்டும் என்ற விவாதம் அதற்குப் பிறகு வலுத்தது. பாயோடு தாக்குப்பிடிப்பதும் பாயின்றிக் கிடப்பதும் அந்த விவாதத்தில் எதிரெதிர் வழிகள். அவற்றுக்கு ஒரே சொல் ஆகாது.

‘எதிர்ப்பாய் நிலை’ செய்முறையைச் சரியாகப் பிடிக்கிறது. ஆனால் ‘நீ எதிர்ப்பாய்’ என்ற வினைமுற்று குறுக்கே வந்து நிற்கிறது. அதோடு முன்பாயை மட்டும் சொல்லி, பெரும்பாயையும் சுக்கானையும் விட்டுவிடுகிறது.

என் முன்மொழிவு: பெயராகப் ‘பாய்த்தரிப்பு’, வினையாகப் ‘பாய் தரித்தல்’. ‘படகு பாய் தரித்து நிற்கிறது’ என்று இயல்பாக எழுதலாம். ஆணையாக ‘தரி!’ என்றால் காற்றிரைச்சலிலும் கேட்கும். தரித்தல் என்பதில் தங்குதலும் இருக்கிறது, தாங்குதலும் இருக்கிறது, அணிந்திருத்தலும் இருக்கிறது. பாயை இறக்காமல், பாயாலேயே தாக்குப்பிடிக்கும் நிலைக்கு மூன்றும் வேண்டும்.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். இலங்கையில் பஸ் தரிப்பிடம் என்கிறோம், கப்பல் துறைமுகத்தில் தரித்து நிற்கிறது என்றும் எழுதுகிறோம். அப்போது ‘நிறுத்தம்’ மீது நான் சொன்ன குறை இதற்கும் வராதா? தனியே ‘தரிப்பு’ என்றால் வரும். ‘பாய்’ சேர்ந்தபின் வராது என்று நினைக்கிறேன், ஏனென்றால் துறைமுகத்தில் நிற்கும் கலம் பாய் விரித்திருப்பதில்லை. அகராதியில் ‘ஓட்டத்தில் உள்ள கலமே’ என்ற குறிப்பைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, நாம் புதிதாக ஆக்குவதற்கு முன் ஒரு தேடல் பாக்கி இருக்கிறது. ஒற்றைப் பாய் வள்ளத்தில் பாய்க்குப் பாய் எதிர்நிறுத்த வழியில்லை, அதனால் அங்கே இதற்குச் சொல் கிடைக்காமல் போகலாம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கப்பல்கள் வேறு. அங்கே கட்டிய அன்னபூரணி, இரண்டு பாய்மரமும் சதுரப் பாய்களும் கொண்ட கலம். தமிழ் மாலுமிகள் அதை அமெரிக்காவின் குளோஸ்டர் வரை ஓட்டிப்போய் 1938இல் சேர்த்தார்கள். காற்று முன்பக்கத்தில் அடிக்கும்படி சதுரப் பாயைத் திருப்பிக் கலத்தைத் தரிக்க வைப்பது அப்படிப்பட்ட கலங்களில் அன்றாட வேலை. அந்தத் தண்டையல்மார் (கப்பல் தலைவர்கள்) அதை ஏதோ ஒரு சொல்லால் ஏவியிருப்பார்கள். வல்வெட்டித்துறையில் உறவு உள்ளவர்கள் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்தச் சொல் கிடைத்தால் என் ‘பாய்த்தரிப்பு’ வேண்டாம், அதையே பட்டியலில் ஏற்றுவோம்.