எட்டுத் துணியும் அழகு, சேர்த்துத் தைத்தால் நட்சத்திரமே தெரியவில்லை. பிரித்துவிடவா?

வெள்ளைநூல் கேட்கிறார்:

வணக்கம். என் தங்கைக்காக ஒரு குவில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கிற போர்வை, தைத்துக்கொண்டிருக்கிறேன். பிளாக் என்கிற சதுரப் பகுதி ஒவ்வொன்றிலும் ஒரு நட்சத்திரம். அகலத்துக்கு 4, நீளத்துக்கு 5, மொத்தம் 20 பிளாக். தைத்தபின் ஒவ்வொன்றும் 12 அங்குலம் வரும். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றி எட்டு முனை, மிச்சம் பின்னணி. ஆறு பிளாக் முடிந்துவிட்டது.

துணி தேர்ந்தெடுக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. செங்கல் சிவப்பு, இலைப்பச்சை, மயில்நீலம், கத்தரிப்பூ நிறம், ஆரஞ்சு, கடுகு மஞ்சள், மங்கலான ரோஜா ஆகிய ஏழும் பிளெயின். பின்னணிக்குச் சாம்பலில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ போட்ட துணி. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் அவ்வளவு பிடித்திருக்கிறது.

நேற்று ஆறு பிளாக்கையும் தரையில் பரப்பிவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தேன். நட்சத்திரத்தைத் தேட வேண்டியிருக்கிறது. பக்கத்தில் பார்த்தால் தையல் சுத்தமாக இருக்கிறது, முனைகள் சரியாகச் சேர்ந்திருக்கின்றன. தள்ளி நின்றால் எல்லாம் கலங்கிப் போகிறது. ரோஜாத் துணி மட்டும் அழுக்குப் படிந்தது போல் இருக்கிறது. அதே துணியில் மிச்சம் இருப்பதைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அழுக்கே இல்லை.

எனக்கு நிறம் சேர்க்கத் தெரியவில்லையா, வேறு ஏதாவது தவறா? தைத்ததைப் பிரித்துப் புதுத் துணி வாங்க வேண்டுமா? மிச்சம் 14 பிளாக்குக்கும் முனைகளும் நடுச்சதுரங்களும் வெட்டியாகிவிட்டது. பின்னணி மட்டும் வெட்டவில்லை.

ஊசிமுனை:

முதலில் பிரிக்கும் ஊசியைக் கீழே வையுங்கள். இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று, எட்டுத் துணியிலும் ஒரு துண்டு எடுத்து வரிசையாக வைத்து, பகல் வெளிச்சத்தில் ஃபோனில் ஒரு படம் பிடியுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எந்தெந்தத் துணிகள் ஒரே சாம்பலாகத் தெரிகின்றன? இரண்டு, துணிகளைச் சேர்த்து வைத்துத் தேர்ந்தெடுத்தது எந்த வெளிச்சத்தில்?

வெள்ளைநூல்:

பார்த்தேன் அக்கா. சிவப்பு, பச்சை, மயில்நீலம், ரோஜா, பின்னணிச் சாம்பல் ஐந்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! எது எது என்று எனக்கே சொல்ல முடியவில்லை. கத்தரிப்பூ மட்டும் நன்றாக டார்க். ஆரஞ்சு கொஞ்சம் லைட், கடுகு மஞ்சள் இன்னும் லைட்.

தேர்ந்தெடுத்தது இரவில், வேலை முடிந்த பிறகு. மேஜை மேல் மஞ்சள் பல்பு.

ஊசிமுனை:

அப்படியானால் உங்கள் ரசனையில் குறை இல்லை. இந்த ஏழு நிறமும் நல்ல சேர்க்கை. நாம் துணி எடுக்கும்போது சிவப்பா பச்சையா என்றுதான் பார்க்கிறோம். ஆனால் பத்தடி தள்ளி நின்று பார்க்கிற கண்ணுக்கு வடிவத்தைக் காட்டுவது லைட், டார்க் வித்தியாசம். சிவப்பும் பச்சையும் எவ்வளவு எதிரெதிர் நிறமாக இருந்தாலும், இரண்டும் ஒரே அளவு டார்க் என்றால் அவற்றுக்கு நடுவில் உள்ள கோடு தூரத்தில் கரைந்துவிடும். உங்கள் முனைகளில் பாதிக்கு மேல் பின்னணியோடு ஒரே மட்டத்தில் நிற்கின்றன. நட்சத்திரம் எப்படித் தெரியும்?

பழைய மரவீடு பிளாக்கைப் பாருங்கள், நடுச்சதுரத்தைச் சுற்றிப் பட்டை பட்டையாகத் தைப்பார்களே, அதுதான். பாதிப் பக்கம் லைட், பாதிப் பக்கம் டார்க் என்ற ஒரே ஒழுங்கு இருந்தால் போதும், கிடைத்த எல்லா நிறத்தையும் அதில் போடலாம். பொறுக்கிச் சேர்த்த துண்டுத் துணியில் தைத்ததுகூட அவ்வளவு தெளிவாக நிற்பது அதனால்தான்.

உங்கள் பின்னணியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெள்ளைப் பூ போட்டது என்கிறீர்கள். முனையின் கூர்மை வந்து நிற்கிற இடத்தில் ஒரு பூ விழுந்தால் அந்தக் கூர் உடைந்தது போல் தெரியும். முனைகள் கூராக இருக்க வேண்டிய பிளாக்குக்குப் பிளெயின் பின்னணி நல்லது. இல்லாவிட்டால் தள்ளி நின்று பார்த்தால் பிளெயின் போலவே தெரிகிற மெல்லிய அச்சாக இருக்க வேண்டும்.

கத்தரிக்கோல்தம்பி:

நானும் ஒன்று சொல்லட்டுமா? எனக்குச் சிவப்பும் பச்சையும் பிறவியிலிருந்தே சரியாகப் பிரித்துத் தெரியாது. ஐந்து குவில்ட் தைத்திருக்கிறேன். ஐந்திலும் வடிவம் தெளிவாக நிற்கும், ஏனென்றால் நான் லைட் டார்க்கை மட்டும் நம்பித் தைக்கிறேன்.

என் முறை இதுதான். எல்லாத் துணியையும் ஒன்றன் மேல் ஒன்று பாதி மூடுகிற மாதிரி வரிசையாக வைப்பேன், இடது கோடியில் மிக லைட், வலது கோடியில் மிக டார்க். அப்புறம் இமைகளைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பேன். அடுத்தடுத்த இரண்டு துணிக்கு நடுவில் கோடு மறைந்தால் இரண்டும் ஒரே மட்டம். கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் இதே வேலை நடக்கும். அந்த வரிசையை மூன்று குவியலாகப் பிரிப்பேன்: லைட், மீடியம், டார்க். நம்மில் பலருக்கும் மீடியம் குவியல்தான் உயரமாக இருக்கும், அக்கா. பிடித்த துணி என்று கை போவதெல்லாம் மீடியத்துக்குத்தான். லைட் துணி தனியாகப் பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும், அதனால் வாங்க மாட்டோம். ஆனால் மற்றவற்றை எடுத்துக் காட்டுவது அதுதான்.

மீடியம் என்பது நிலையான பெயரும் இல்லை. உங்கள் ஆரஞ்சு கத்தரிப்பூவின் பக்கத்தில் லைட், கிரீம் துணியின் பக்கத்தில் டார்க். பக்கத்தில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஊசிமுனை:

தம்பி சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். ஃபோன் படத்தை மட்டும் நம்பினால் சில நேரம் ஏமாறுவோம், பளிச்சென்ற சிவப்பை ஒரு ஃபோன் ஒருவிதமாகவும் இன்னொன்று வேறுவிதமாகவும் மாற்றும். சிவப்புக் கண்ணாடிக் காகிதம் வழியாகப் பார்க்கச் சொல்வார்கள். அதுவும் நல்ல வழிதான், ஆனால் சிவப்பு, ரோஜாத் துணிகள் அதில் உண்மையைவிட லைட்டாகத் தெரியும். அவற்றுக்குப் பச்சைக் காகிதம். எதுவும் இல்லை என்றால் இமையைப் பாதி மூடிப் பார்ப்பதே போதும்.

சாயத்தொட்டி:

ரோஜா ஏன் அழுக்காகத் தெரிகிறது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. நூலுக்குச் சாயம் போடுவது என் வேலை, அதனால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது.

பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824-ல் மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். அங்கே நீலமும் ஊதாவும் நெய்கிற இடங்களில் நிழலுக்குப் போடுகிற கறுப்பு நூலில் அழுத்தம் இல்லை, சாயம் சரியில்லை என்று புகார் இருந்தது. அவர் வேறு இடங்களில் சாயம் போட்ட கறுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பை வெளிறிக் காட்டியது. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து 1839-ல் வெளியிட்டார். தையல்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்று நினைக்கிறேன். துணி அதேதான், அண்டை மாறினால் அது வேறாகத் தெரியும்.

உங்கள் ரோஜா முனைகளுக்கு நடுவில் என்ன சதுரம் வைத்தீர்கள்?

வெள்ளைநூல்:

ஆரஞ்சு! இரண்டு பிளாக்கிலும் ஆரஞ்சுதான். பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

சாயத்தொட்டி:

அதுதான் காரணம். உங்கள் ஆரஞ்சு பளிச்சென்ற, கலப்பில்லாத நிறம். ரோஜா சாம்பல் கலந்த மங்கல் நிறம். இரண்டும் சூடான பக்கத்து நிறங்கள், அதனால் கண் இரண்டையும் நேராக ஒப்பிடும். ஆரஞ்சின் தெளிவுக்கு முன்னால் ரோஜாவில் உள்ள சாம்பல் மேலே வந்து அழுக்காகத் தெரியும். மங்கல் நிறத்தைப் பளிச் நிறங்களுக்கு நடுவில் தனியாக விடாதீர்கள், அதற்கு ஒரு துணை வேண்டும். கடுகு மஞ்சளும் செங்கலும் உங்களிடம் உள்ள மற்ற மங்கல் நிறங்கள். ரோஜா முனைக்குக் கடுகு மஞ்சள் சதுரம் வைத்துப் பாருங்கள், அல்லது கத்தரிப்பூ. ஆரஞ்சைத் தூக்கி மயில்நீலத்துக்கு நடுவில் வையுங்கள், எரியும்.

வெட்டிய சதுரங்களை இடம் மாற்றினாலே போதும், புதிதாக எதுவும் வெட்ட வேண்டாம்.

வெள்ளைநூல்:

மாற்றி வைத்தேன். ரோஜா ரோஜாவாகிவிட்டது! மயில்நீலத்துக்கு நடுவில் ஆரஞ்சு விளக்கு ஏற்றியது போல இருக்கிறது. இதற்காகவா துணியையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, பின்னணி? வெள்ளையா, கிரீமா?

பட்டன்பெட்டி:

நான் வேறு வழி சொல்வேன். அடர் நீலப் பின்னணி போடுங்கள். ஆரஞ்சும் மஞ்சளும் ரோஜாவும் இருட்டில் மின்னும்.

ஊசிமுனை:

பட்டன்பெட்டி சொல்வது அழகான வழி, ஆனால் இந்தத் துணிகளுக்குக் கத்தரிப்பூ நட்சத்திரங்கள் முழுதும் மூழ்கிவிடும், மயில்நீலமும் பாதி போய்விடும். ஏழில் எத்தனை தப்பிக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். லைட் பின்னணி போட்டால் கடுகு மஞ்சள் ஒன்றுதான் தடுமாறும்.

வெள்ளையா கிரீமா என்பதை நான் சொல்வதைவிட நீங்களே பார்ப்பது மேல். இரண்டிலும் ஒரு சாண் துணி போதும். மயில்நீலம், செங்கல், ரோஜா முனைகளை அதன் மேல் பரப்பிச் சுவரில் குத்தி வையுங்கள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், பல்பு வெளிச்சத்தில் ஒரு தரம் பாருங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள் அதிகம். மஞ்சள் பல்பு 2700 கெல்வின் அளவில் இருக்கும், அதில் வெள்ளைக்கும் கிரீமுக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பகல் வெளிச்சம் 5000-க்கு மேல். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகிற இரண்டு துணி, சாயம் வேறு என்பதால், இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்பதும் உண்டு. குவில்ட் எந்த அறையில், எந்த வெளிச்சத்தில் கிடக்கப்போகிறதோ அந்த வெளிச்சத்துக்குக் கடைசி ஓட்டு.

எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன் ஒரே ஒரு பிளாக் தையுங்கள். வரைபடத்தில் பார்த்து வருகிற தைரியத்தைவிட, ஒரு பிளாக் தைத்துச் சுவரில் பார்த்து வருகிற தைரியம் நிற்கும்.

வெள்ளைநூல்:

மூன்று நாள் சுவரில் இருந்தது. வெள்ளை பகலில் வெட்டுகிறது, நிறங்கள் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன. கிரீம்தான். ஒரு மயில்நீல பிளாக் கிரீமில் தைத்தேன், அறையின் வாசலில் இருந்தே நட்சத்திரம் தெரிகிறது.

ஆனால் சாம்பலில் தைத்த ஆறு பிளாக்? இன்னும் நிறையச் சாம்பல் துணியும் இருக்கிறது.

கத்தரிக்கோல்தம்பி:

அக்கா, பிரிக்கவே வேண்டாம். மேல் இடது மூலையில் மூன்று, கீழ் வலது மூலையில் மூன்று: மூலையில் ஒன்று, அதன் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று. பார்டரும் அதே சாம்பல் துணியில் போடுங்கள். அந்த மூலைகளில் பின்னணியும் பார்டரும் ஒன்றாகிவிடும், நட்சத்திரங்கள் விளிம்பை நோக்கி மங்கிக் கரைவது போல இருக்கும். கடுகு மஞ்சள் முனை வெட்டியது எத்தனை பிளாக்குக்கு?

வெள்ளைநூல்:

இரண்டு.

கத்தரிக்கோல்தம்பி:

கச்சிதம். அந்த இரண்டும் கிரீமில் லேசாகத்தான் தெரியும். ஒவ்வொரு மூலையிலும் அந்த மூன்று பிளாக் வளைத்து நிற்கிற உள்பக்கத்து இடத்தில் ஒவ்வொன்றாக வையுங்கள். மங்கலிலிருந்து தெளிவுக்குப் போகிற படியாக அவை இருக்கும்.

ஊசிமுனை:

அருமை தம்பி, எனக்கு இது தோன்றவில்லை.

வெள்ளைநூல், கிரீமோடு செங்கல் சிவப்பு போகிறதே, சாயம் விடுமா என்று பார்த்துவிடுங்கள். வெட்டாத சிவப்புத் துணியின் ஓரத்தை நனைத்து, மேலே வெள்ளைத் துணி வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால் சாயம் விடுகிறது என்று அர்த்தம். அப்புறம், தையலுக்கு விட்ட கால் அங்குலத்தை எப்போதும் டார்க் துணிப் பக்கம் மடித்துத் தேய்க்க வேண்டும். கிரீம் பக்கம் மடித்தால் உள்ளே இருக்கிற நிறம் நிழலாகத் தெரியும்.

வெள்ளைநூல்:

சிவப்பு விட்டது, வெள்ளைத் துணியில் இளஞ்சிவப்புக் கறை. நல்லவேளை சொன்னீர்கள். வெட்டிய சிவப்பு முனைகளை ஒரு வலைப்பையில் போட்டு, பிசையாமல், தண்ணீர் தெளியும் வரை நான்கு தரம் அலசி நிழலில் உலர்த்தினேன். ஓரம் கொஞ்சம் பிரிந்திருக்கிறது, அளவு தப்பவில்லை. திரும்பவும் இஸ்திரிச் சோதனை செய்தேன், கறை இல்லை.

கடைசியாக ஒன்று. ஏழு நிறத்துக்கும் ஏழு நூல்கண்டு மாற்ற வேண்டுமா?

சாயத்தொட்டி:

வேண்டாம். பிளாக் தைக்க ஒரு வெளிர் சாம்பல் நூல்கண்டு போதும், கிரீமிலும் தெரியாது, கத்தரிப்பூவிலும் உறுத்தாது. அடுக்குகளைச் சேர்த்து மேலே குவில்ட் தையல் போடும்போதுதான் நூல் நிறத்தை யோசிக்க வேண்டும். அப்போது வந்து கேளுங்கள்.

வெள்ளைநூல்:

நன்றி, எல்லோருக்கும். மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தியாகிவிட்டது. நாளை காலை வெளிச்சம் வந்ததும் கிரீம் துணியை வெட்டப் போகிறேன்.