ஸ்கூல நிறுத்தி 3 வாரம் ஆச்சு, வீட்ல வச்சு படிப்பிக்க எனக்கு வரல போல

திற்பரப்பு பக்கத்து அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா தான் எழுதுவேன் பொறுத்துக்கிடுங்க. எனக்க மகனுக்கு 6 வயசு முடிஞ்சு ரெண்டு மாசம். ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ் சேத்தோம், இங்கிலீஷ் மீடியம். எங்க வீடு தான் ஃபர்ஸ்ட் ஸ்டாப், வேன் காலைல 7.10க்கு வந்து மலைரோடெல்லாம் சுத்திட்டு 8.30க்கு போய் சேரும், சாயங்காலம் எறங்கும்போ மணி 5. அதுக்கப்புறம் தெனமும் 4 பக்கம் எழுதணும். ஜூலைல இருந்து ராத்திரி படுக்கைல மூத்திரம் போக தொடங்கினான், மூணு வயசுலயே நின்ன பழக்கம் அது. வேன் ஹாரன் கேட்டா போதும், வயித்த புடிச்சிட்டு தரைல இருந்துருவான். டாக்டர் பாத்துட்டு வயித்துல ஒண்ணும் இல்லன்னுட்டாரு. ஸ்கூல்ல கேட்டா "எல்லா பிள்ளையளும் எழுதுது மேடம், இவன் ஒருத்தன் தான்"ன்னு சொல்லி முடிச்சிட்டாங்க. ஓணம் லீவுக்கு அப்புறம் அனுப்பல.

வீட்டுக்காரர் மஸ்கட்ல. அவரு ஃபோன்ல "உனக்கு தெரிஞ்ச மாதிரி செய்"ன்னு சொல்லிட்டாரு. நான் பி.காம். வேலைக்கு போகல.

மொத நாளே சார்ட் பேப்பர் வாங்கி டைம்டேபிள் எழுதி சுவத்துல ஒட்டினேன். 9 மணிக்கு தமிழ், 9.45க்கு இங்கிலீஷ், 10.30க்கு மேத்ஸ், பெல்லுக்கு பதிலா ஃபோன்ல அலாரம். மூணு நாள் நல்லா போச்சு. நாலாவது நாள் "அம்மா நீயும் மிஸ் மாதிரியே கத்துத"ன்னு சொல்லிட்டு எறங்கி ஓடிட்டான். தேடினா ரப்பர் சீட் காயப்போடுத செட்டுக்குள்ள இருக்கான், பால் எடுக்குத சிரட்டைய எல்லாம் பத்து பத்தா அடுக்கி வச்சு வெளாடிட்டு கெடக்கான். அடிச்சிட்டேன். அப்புறம் நானும் அழுதேன் அவனும் அழுதான். இப்ப அலாரம் அடிச்சாலே மூஞ்சி மாறுது. மேத்ஸ்ல 20க்கு மேல எழுத சொன்னா எழுத மாட்டேங்கான், தமிழ்ல அ ஆ இ ஈ தெரியும், சேத்து வாசிக்க வரல.

மாமியா ஒண்ணும் பேசல, ஆனா அடுக்களைல நின்னு யாருகிட்டயோ "பள்ளிக்கூடம் இருந்தும் போவாத பிள்ளை எங்க குடும்பத்துல இது தான் மொதல்"ன்னு ஃபோன்ல சொன்னது எனக்கு கேட்டுச்சு. ரப்பர் பால் வெட்ட வருத அண்ணன்ல இருந்து கடைக்காரர் வர எல்லாரும் "மக்களே இன்னைக்கு லீவா"ன்னு கேக்காங்க, பையன் என் மூஞ்சிய பாக்கான்.

ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் இருத்தணும்? கேஸ் கீஸ் எதும் வருமா? அடுத்த வருசம் திரும்ப சேக்கணும்னா ஒண்ணாங்கிளாஸ்லயே தான் போடுவாங்களா? பையனுக்கு வரலியா எனக்கு வரலியான்னே தெரியல.

—

கருங்கல் அக்கா:

பத்து பத்தா அடுக்கினான்னு நீங்களே எழுதிட்டு ரெண்டு வரி தாண்டி மேத்ஸ் வரலன்னும் எழுதிருக்கீங்களே மோளே 😀 அவனுக்கு எண்ண தெரியுது, எழுத தான் மாட்டேங்கான். ரெண்டும் வேற வேற.

நான் மகளுக்கு ரெண்டரை வருசமா வீட்ல தான் பாக்கேன், இப்ப 9 வயசு. மொத மாசம் நானும் உங்கள மாதிரி தான், அதுக்கும் மேல. ஆன்லைன்ல 3800 ரூவாக்கு ஒரு கிட் வாங்கினேன், கார்டு, மணி, மரக்கட்டை, அது இது. இப்ப அந்த பெட்டிக்குள்ள வெங்காயம் கெடக்கு.

மொதல்ல அந்த சார்ட்ட கிழிங்க. ஸ்கூல்ல இருந்து வந்த பிள்ளைக்கு அந்த பயம் எறங்க கொஞ்சம் நாள் விடணும், எத்தன வருசம் ஸ்கூல் போச்சோ அத்தன மாசம்னு வீட்ல படிப்பிக்கவங்க ஒரு கணக்கு சொல்லுவாங்க, அது சட்டம் ஒண்ணும் இல்ல, ஒரு குத்துமதிப்பு. உங்க பையன் எல்கேஜி யூகேஜி அப்புறம் இந்த மூணு மாசம், அப்ப ரெண்டு மூணு மாசம்னு வைங்க. அது வர புக்க எடுத்து முன்னால வைக்காதீங்க. சும்மா இருக்கணுமான்னு கேப்பீங்க, சும்மா இல்ல, தெனமும் நீங்க கதை வாசிச்சு குடுக்கணும், அவன் மடில இருந்து கேக்கணும், அவ்வளவு தான். பக்கத்து கிளை நூலகத்துல அவன் பேருல ஒரு கார்டு போட்டுருங்க, புக்குக்கு காசு செலவு இல்ல.

எங்க பொண்ணு வாசிக்க படிச்சது எங்கன்னு சொன்னா சிரிப்பீங்க. பஸ்ஸ்டாண்டுல. நான் வாரத்துல ரெண்டு நாள் அம்மா வீட்டுக்கு போவேன், மார்த்தாண்டத்துல பஸ்சுக்கு நிக்கணும், நிக்க நேரத்துல போர்டு பாத்து எந்த பஸ்னு சொல்லுன்னு விட்டேன். மொதல்ல 'கு' பாத்ததும் குலசேகரம்னு அடிச்சு விட்டா, பஸ் கிட்ட வந்தப்ப அது குளச்சல். தப்பு பஸ்ல ஏற போனோம், அண்ணைல இருந்து மூணாவது எழுத்து வர பாக்க தொடங்கினா. அப்புறம் தக்கலைல 'க்' மேல புள்ளி எதுக்குன்னு கேட்டா. நான் பாடம் நடத்திருந்தா அந்த கேள்வி ஒரு நாளும் வந்திருக்காது.

நேரம்னு கேட்டா, பின்னால தொடங்கும்போ இருத்தி வச்சு படிப்பிக்கது அரை மணிநேரம், கூடிப்போனா 40 நிமிசம், அதுவும் ரெண்டா பிரிச்சு. கிளாஸ்ல 30 பிள்ளைய அடக்கி உக்கார வைக்கவே பாதி நேரம் போயிரும், வீட்ல உங்களுக்கு அது இல்ல. மிச்சம் எல்லாம் அடுக்களைலயும் விளைலயும் நடக்கும். சாளை மீன் கிலோ இத்தன ரூவான்னா அரை கிலோக்கு எவ்வளவு, மட்டிப்பழம் ஒரு சீப்புல எத்தன, இப்பிடி.

சாயங்காலம் மத்த பிள்ளையள் வந்ததும் வெளாட கண்டிப்பா விடுங்க. அதுல மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

—

சாயாக்கடை பெஞ்சு:

இதெல்லாம் சிட்டில பணக்காரங்க செய்ய ஸ்டைல். நம்ம ஊர்ல நல்ல பள்ளிக்கூடத்துக்கு என்ன பஞ்சம்? நாலு பிள்ளையளோட அடிபட்டு வளரணும். அம்மாக்க முந்தானைய புடிச்சிட்டு இருந்தா நாளைக்கு எங்க போய் நிப்பான்.

—

கருங்கல் அக்கா:

ஆறு வயசுல படுக்கைல மூத்திரம் போனது அடிபட்டு தானே அண்ணாச்சி.

—

ரிட்டயர்டு டீச்சர், நாகர்கோவில்:

31 வருசம் அரசு தொடக்கப்பள்ளில ஒண்ணு ரெண்டு வகுப்பு தான் எடுத்தேன், அதனால கொஞ்சம் உரிமையா சொல்றேன் மக்களே.

மொதல்ல பயத்த போக்குறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009ல வந்தது, 6ல இருந்து 14 வயசு வரைக்கும். அதுல வீட்டுக் கல்வின்னு ஒரு சொல்லும் கெடயாது, கூடும்னும் இல்ல கூடாதுன்னும் இல்ல. பிள்ளைய பள்ளில சேக்கது பெற்றோர் கடமைன்னு ஒரு பிரிவு இருக்கு, ஆனா சேக்கலன்னா பெற்றோருக்கு இன்ன தண்டனைன்னு அந்த சட்டத்துல ஒண்ணும் போடல. ஊர்ல உள்ள பள்ளில இருந்து இடைநின்ற பிள்ளைன்னு யாராவது விசாரிக்க வரலாம், அது அவங்க வேலை, கதவ சாத்தாம உக்கார வச்சு சாயா குடுத்து நடந்தத சொல்லுங்க.

திரும்ப சேக்கதுக்கு அதே சட்டத்துல 4வது பிரிவு இருக்கு, இடைல நின்ன பிள்ளைய வயசுக்கு ஏத்த வகுப்புல தான் சேக்கணும். 7 வயசுல கொண்டு போனா ஒண்ணுல உக்கார வைக்க வேண்டியதில்ல. பின்னாலயும் வழி அடைஞ்சு போகாது. எட்டாம் வகுப்பு தனித்தேர்வு 12½ வயசு முடிஞ்சா எழுதலாம், தேசிய திறந்தநிலைப் பள்ளில பத்தாம் வகுப்பு 14 வயசு முடிஞ்சா எழுதலாம். அதெல்லாம் எட்டு வருசம் கழிச்சு உள்ள கவலை, இப்ப எதுக்கு.

அடுத்தது, ஆறு வயசுல சேத்து வாசிக்க வரலன்னு கவலைப்படுறீங்க. நம்ம அரசாங்கம் 2022ல எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, அதுக்க குறியே எட்டு வயசுக்குள்ள பிள்ளை பிழையில்லாம வாசிக்கணும், அடிப்படை கணக்கு செய்யணும்னு தான். எட்டு. உங்க பையனுக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு.

தமிழ் எப்பிடி தொடங்கன்னா 247 எழுத்தையும் வரிசையா எழுதி முடிச்சுட்டு வாசிக்கலாம்னு நெனைக்காதீங்க, பிள்ளை ஔ வரதுக்குள்ள அலுத்துரும். ட, ப, ம, இந்த மூணுல தொடங்குங்க, ட வும் ப வும் நேர்கோட்டுல வரும், ம மட்டும் கொஞ்சம் வளையும், கை ரொம்ப திருகாது. ட ப ம தெரிஞ்சு, ம மேல ஒரு புள்ளியும் வச்சா படம், மடம்னு ரெண்டு சொல்லு அண்ணைக்கே வாசிச்சிருவான், கூட ஒரு துணைக்கால் போட்டா பாடம், மாடம், மாமா. எழுத்துக்க பேர சொல்லி குடுக்கத விட சொல்லுல அது எங்க கேக்குன்னு காட்டுங்க. பென்சில் இப்ப வேண்டாம், முற்றத்து மண்ணுல வெரலால எழுதட்டும், சப்பாத்தி மாவ உருட்டட்டும், தேங்கா நாரு பிரிக்கட்டும். வெரலுக்கு பலம் வந்த பிறகு எழுதுற பிள்ளை வேகமா எழுதும், இது நான் கண்ணால பாத்தது. ஒண்ணாம் வகுப்பு பாடநூல் எல்லாம் பாடநூல் கழகத்து சைட்ல சும்மா எறக்கிக்கலாம், பாடத்துல உள்ள க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணா வீடியோவும் வரும். வீடியோவ அளவா காட்டுங்க, ஃபோன அவன் கைல குடுத்துறாதீங்க.

மாமியார் சொன்னதுக்கு கோவப்படாதீங்க. 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுலயே எழுத்தறிவு கூடின மாவட்டம் நம்ம கன்னியாகுமரி தான், 91.75 சதவீதம். அது சும்மா வந்தது இல்ல, திருவிதாங்கூர் காலத்துல பள்ளிக்கூட வாசப்படில கூட ஏற விடாம நிறுத்தி வச்ச சாதிகள் எத்தனை, அந்த வாசலுக்கு ஏற என்ன பாடு பட்டாங்கன்னு வீட்டுக்கு வீடு கதை இருக்கும். அவங்களுக்கு பள்ளிக்கூடம்னா அது. நீங்க விட்டுட்டு வந்தது வேன், டைரி, 4 பக்கம் ஹோம்வொர்க். ரெண்டு பேரும் ஒரே சொல்ல வச்சு வேற வேறத பேசுறீங்க. ஒரு நாள் அவங்க அப்பா எப்பிடி படிச்சாருன்னு பையன் முன்னால கேட்டு பாருங்க.

கடைசியா ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க. பக்கத்துல நடந்து போற தூரத்துல அரசு தொடக்கப்பள்ளி இருந்தா ஒரு தடவ போயி பாத்துட்டு வாங்க. பிள்ளைக்கு ஆகாதது ஒருவேள அந்த ஸ்கூலும் 80 நிமிச வேனும் தானோ என்னவோ. சேக்க வேண்டாம், சும்மா பாருங்க.

—

மணக்குடி அப்பா:

நாங்க 5 மாசம் செஞ்சுட்டு திரும்ப அனுப்பிட்டோம், அதனால மறுபக்கமும் ஒண்ணு கெடக்கட்டும்னு எழுதறேன். ரெண்டு பேரும் வேலைக்கு போறோம், பொண்ணு பாட்டாகூட தான் பகல் முழுக்க, பாட்டாக்கு டிவி, அவளுக்கும் டிவி, கடைசில ராத்திரி 8 மணிக்கு நான் களைச்சு வந்து புக்க எடுத்தா யாருக்கு தான் பிடிக்கும். ஒரு நாள் பக்கத்து வீட்டு பிள்ளைக்க யூனிஃபார்ம போட்டு கண்ணாடி முன்ன நின்னா, அப்பவே தெரிஞ்சு போச்சு. இப்ப நடந்து போற ஸ்கூல்ல ரெண்டாங்கிளாஸ், சந்தோசமா இருக்கா. அந்த 5 மாசம் வீணா போச்சுன்னும் நெனைக்கல, மீன் பேரு முப்பது சொல்லுவா.

நடைமுறை விசயம் ஒண்ணு, டிசியும் எமிஸ் நம்பரும் (பள்ளிக்கல்வி பதிவுல பிள்ளைக்கு உள்ள நம்பர்) இப்பவே கேட்டு வாங்கிருங்க. எங்களுக்கு பழைய ஸ்கூல்ல மீதி டெர்ம் ஃபீஸும் கட்டினா தான் டிசின்னு ரெண்டு மாசம் நடக்க வச்சாங்க. அரசு பள்ளில சேத்தப்ப எச்.எம் தான் சொன்னாங்க, டிசி லேட்டாச்சுன்னு சொல்லி பிள்ளைய சேக்காம இருக்க கூடாதுன்னு சட்டமே இருக்காம். தெரிஞ்சிருந்தா அலைஞ்சிருக்க மாட்டேன். எழுத்து மூலமா லெட்டர் குடுத்து ஒரு காப்பி கையெழுத்து வாங்கி வச்சுக்கோங்க.

—

திற்பரப்பு பக்கத்து அம்மா:

ஒரு வாரம் கழிச்சு வாறேன், எல்லாருக்கும் நன்றி, சாயாக்கடை அண்ணாச்சிக்கும் தான்.

சார்ட்ட கிழிக்கல, அவனே மறுபக்கம் திருப்பி ஒரு பெரிய பாம்பு வரைஞ்சுட்டான். அலாரம் நிறுத்தியாச்சு. மொத ரெண்டு நாள் எனக்கு தான் கை பரபரன்னு இருந்துச்சு, 9 மணி ஆனா என்னவோ தப்பு செய்யுத மாதிரி. இப்ப ராத்திரி ரெண்டு கதை. அஞ்சு நாளா படுக்கை நனையல, இத எழுதவே பயமா இருக்கு கண்ணு பட்டுருமோன்னு.

டீச்சர் சொன்ன மாதிரி மாமியாட்ட கேட்டேன். அவங்க அப்பா ஒத்த வேட்டிய ராத்திரி தொவச்சு காலைல அடுப்பு பக்கத்துல காட்டி ஈரத்தோட உடுத்துட்டு போவாராம். பையன் "பாட்டி அப்ப அவருக்கு குளிரலியா"ன்னு கேட்டான், அவங்க அழுதுட்டாங்க. மறுநாள் அவங்களே முற்றத்துல மண்ண பரத்தி அவன் வெரல புடிச்சு 'ப' எழுதிட்டு இருக்காங்க, எனக்கு சொல்லி குடுத்த வரிசை மறந்து போச்சு, அவங்க 'பயறு'ன்னு தொடங்கிட்டாங்க, பரவாயில்லன்னு விட்டுட்டேன். ஆனா இன்னைக்கும் "அடுத்த வருசம் பள்ளிக்கூடம் உண்டுல்லா"ன்னு கேட்டாங்க. பாக்கலாம்னு சொல்லிருக்கேன், எனக்கே தெரியாதே.

டிசிக்கு லெட்டர் எழுதி வச்சாச்சு, திங்கக்கிழமை போறேன். வேற ஒண்ணும் இல்ல, நாளைக்கு மழை இல்லன்னா மாத்தூர் தொட்டிப்பாலம் போலாம்னு சொல்லிருக்கேன். தூண் எத்தனன்னு எண்ணணுமாம், 20க்கு மேல இருந்தா நான் எண்ணிக்கணுமாம்.