கால் எரிச்சலுக்குச் சுகர்தான் காரணம் என்று இருந்துவிட்டேன்

முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். சட்டென்று வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்வேன். அதுவும் நரம்பு சம்பந்தப்பட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

சர்க்கரை நோய் வந்து 9 வருடம். மெட்ஃபார்மின் காலையில் 1000 மில்லிகிராம், இரவில் 1000. பாதம் எரிய ஆரம்பித்தபோது, சுகர்காரர்களுக்கு இது வருவதுதானே என்றார்கள். நானும் நம்பி ஒரு வருடம் ஓட்டிவிட்டேன். ஒரு நாள் செருப்பு கழன்றதே தெரியாமல் நாலடி நடந்திருக்கிறேன். பயந்து வேறொரு டாக்டரிடம் போனேன்.

அவர் இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்தார். "அதிருதா?" எதுவும் தெரியவில்லை. கணுக்காலில் வைத்தார், லேசாகத் தெரிந்தது. அப்புறம் என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். மூன்று மாதச் சராசரி 6.8. "சுகர் இவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கும்போது நரம்பு ஏன் இப்படிக் கெடுகிறது?" என்று கேட்டுவிட்டு, நரம்புக்குத் தேவையான வைட்டமின் பி12க்கு டெஸ்ட் எழுதினார். 142 வந்தது. 200க்குக் கீழே போனாலே குறைபாடுதான்.

இறைச்சி, முட்டை எல்லாம் சாப்பிடுகிறவனுக்கு எப்படிக் குறையும் என்று கேட்டேன். சாப்பாட்டில் இருக்கிற பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது, அந்த வேலைக்குக் கால்சியம் வேண்டும், மெட்ஃபார்மின் அந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது என்றார். கல்லீரலில் சில வருடங்களுக்குத் தாங்குகிற அளவு சேமிப்பு இருக்குமாம். அது கரைகிற வரை வெளியே எதுவும் தெரியாது. அளவு அதிகமாகவும், வருடங்கள் கூடுதலாகவும் சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அதோடு அசிடிட்டி மாத்திரையும் தினமும் போட்டால் இன்னும் மோசம். நான் இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் ஊசி, பிறகு தினமும் 1000 மைக்ரோகிராம் மாத்திரை. மூன்றாவது மாதத்தில் எரிச்சல் நன்றாகக் குறைந்தது. இடது பெருவிரலில் அதிர்வு மட்டும் இன்னும் திரும்பவில்லை. ஒரு வருடம் முன்பே பார்த்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

*

அண்ணா, எங்கள் அம்மாவுக்குக் கால் எரியவே இல்லை. ஓயாத சோர்வு, நாக்கு வழவழவென்று சிவந்துபோய்ப் புண், சொன்னதையே திரும்பச் சொல்வது. ரத்தம் குறைவு என்று மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம், ஏறவே இல்லை. இரும்பு குறைந்தால் சிவப்பணு சின்னதாகும், அம்மாவுக்கோ பெரிதாகியிருக்கிறது, சிவப்பணுவின் அளவைச் சொல்லும் எம்சிவி 108. அதைப் பார்த்துத்தான் பி12 டெஸ்ட் எடுத்தார்கள். அதற்கு முன் வெறும் ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுக்காதது நல்லதாகப் போயிற்று. கொடுத்திருந்தால் ரத்தம் ஏறியிருக்கும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே இருந்திருக்கும்.

*

எனக்கும் சுகர் உண்டு. இதையெல்லாம் கேள்விப்பட்டு நானாகவே மெட்ஃபார்மினை நிறுத்தினேன். ஆறே வாரத்தில் வெறும் வயிற்றுச் சுகர் 118இலிருந்து 210க்குப் போய்விட்டது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். இப்போது மெட்ஃபார்மினும் பி12 மாத்திரையும் சேர்த்தே போடுகிறேன், வருடம் ஒரு முறை டெஸ்ட்.

ஒரு சந்தேகம். என் தம்பிக்குப் பி12 அளவு 240 வந்திருக்கிறது, ரிப்போர்ட்டில் நார்மல் என்று போட்டிருக்கிறார்கள். விட்டுவிடலாமா?

*

விடாதீர்கள். 200க்கும் 300க்கும் நடுவே இருப்பது உறுதியாகச் சொல்ல முடியாத எல்லை. கால் மரத்துப்போவது, தள்ளாட்டம் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லி மீத்தைல்மலோனிக் அமிலம் என்ற டெஸ்ட் தேவையா என்று கேட்கச் சொல்லுங்கள். பி12 உடம்புக்குப் போதவில்லை என்றால் அது ஏறியிருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் அது ஏறும், அதையும் சொல்லிவிடச் சொல்லுங்கள். டெஸ்டுக்கு முன்னால் கடையில் சத்து மாத்திரை வாங்கிப் போட வேண்டாம், எண் கூடி உண்மை மறைந்துவிடும். தம்பி கண்ணை மூடி நின்றால் ஆடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டு பாருங்கள்.