சர்க்கரை ஒட்டிய புரதமும் அம்மாவின் சிஆர்பியும்: தொடர்பு உண்டா?

கேள்வி

அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை வந்து ரொம்ப வருஷமாகிறது. இப்போது மூன்று மாத சர்க்கரை 8.1, சிஆர்பி (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6. காய்ச்சல், புண், சளி எதுவும் கிடையாது. ஆனால் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, சாமி கும்பிடும்போது விரல்கள் முழுசாக ஒட்டாமல் நடுவில் இடைவெளி தெரிகிறது. "லேசான அழற்சி, வயசானா அப்படித்தான்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். சர்க்கரை புரதத்தில் ஒட்டி அதைக் கெடுப்பதால் அழற்சி வரும் என்று படித்தேன். உண்மையா? மாத்திரை ஏதாவது உண்டா?

பதில் 1

உண்மைதான். நீங்கள் சொல்லும் மூன்று மாத சர்க்கரையே அப்படி ஒட்டியதன் அளவுதான், ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது, எந்த நொதியும் தேவையில்லை. சிவப்பணு ஏறக்குறைய 120 நாளில் அழிந்துவிடுவதால் அந்தக் கறை அதோடு போய்விடும். தோலையும் மூட்டையும் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் அப்படியில்லை. தோலில் பல வருஷம், மூட்டுக் குருத்தெலும்பில் கிட்டத்தட்ட ஆயுசு முழுக்க அதே புரதம் இருக்கிறது, அதனால் ஒட்டிய சர்க்கரை மெல்ல மெல்ல மாறி ஏஜிஇ எனப்படும் பொருள்களாகி, பக்கத்து இழைகளையும் சேர்த்துப் பிணைத்துவிடுகிறது. மைலார்ட் 1912இல் விவரித்த, அடுப்பில் பண்டம் பழுப்பாகும் அதே வினைதான். உள்ளங்கை ஒட்டாததை டாக்டர்கள் பிரேயர் சைன் என்பார்கள், நீண்டகாலச் சர்க்கரையில் தோலும் தசைநாணும் விறைப்பதால் வருவது. தோள் இறுகுவதும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம்.

அழற்சிக்கு வழி இது: செல்லின் மேல் ரேஜ் என்ற ஏற்பி இருக்கிறது. ஏஜிஇ அதில் பட்டதும் உள்ளே என்எஃப்-கப்பா-பி என்ற அழற்சி விசை முடுக்கிவிடப்பட்டு ஐஎல்-6, டிஎன்எஃப் போன்ற அழற்சித் தூதுப் புரதங்கள் உற்பத்தியாகின்றன, கூடவே ரேஜும் அதிகமாகிறது. அதாவது அழற்சி தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். ஐஎல்-6 கல்லீரலைத் தூண்டினால் சிஆர்பி ஏறும்.

பதில் 2

மேலே சொன்னது சரி, ஆனால் அம்மாவின் 6க்கு இதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஈறு நோய், முழங்கால் தேய்மானம், வயிற்றுக் கொழுப்பு, வெளியே தெரியாத சிறுநீர்த் தொற்று, எல்லாமே இந்த அளவுக்கு ஏற்றும். இரண்டு வாரம் விட்டு மறுபடி எடுங்கள், பல் டாக்டரிடமும் ஒருமுறை காட்டுங்கள். தவிர, ரேஜ் ஏஜிஇக்கு மட்டும் உரியதல்ல, அழற்சியின்போது செல்கள் வெளியிடும் எஸ்100 புரதங்களும் அதில்தான் ஒட்டும். அழற்சியே ஏஜிஇயைக் கூட்டவும் செய்யும், வெள்ளணுக்கள் கக்கும் ஆக்சிஜனேற்றிகள் மூலம். எது முதல் என்று ஒரு ரிப்போர்ட்டை வைத்துச் சொல்லவே முடியாது. முதுமையில் தொற்றே இல்லாமல் உள்ளே கனியும் இந்த நிலைக்கு ஃபிரான்செஸ்கி என்ற இத்தாலிய ஆய்வாளர் 2000இல் இன்ஃப்ளமேஜிங் என்று பெயர் வைத்தார், அதற்குள் ஏஜிஇ ஒரு பங்கு மட்டும்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது சிறுநீரகம். ஏஜிஇயை வெளியேற்றுவது அதுதான், அது தளர்ந்தால் ரத்தத்தில் தேங்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தக் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் பார்த்தீர்களா?

பதில் 3

மாத்திரை பற்றி: ஏஜிஇக்கு எதிராக அமினோகுவானிடின், அலாகீப்ரியம் என்ற மருந்துகளை முயன்றார்கள், இரண்டுமே மருந்துக் கடைக்கு வரவில்லை. ரேஜைத் தடுக்கும் அசெலிராகான் அல்சைமருக்கான பெரிய சோதனையில் 2018இல் தோற்றது. ஆகவே "ஏஜிஇ கரைப்பான்" என்று பவுடர் விற்றால் வாங்காதீர்கள்.

சாப்பாட்டில் இருப்பதில் சிறு பங்குதான் உடம்பில் சேரும், ஆனாலும் அடிக்கடி பொரித்ததும் சுட்டதும் வேண்டாம். மீனை வறுக்காமல் புளிக்குழம்பாக வையுங்கள்: தண்ணீர், குறைந்த சூடு, புளிப்பு மூன்றுமே ஏஜிஇ உருவாவதைக் குறைக்கும். வீட்டில் யாராவது புகைபிடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள், புகையிலும் ஏஜிஇ இருக்கிறது.

கேட்டவர்

ரொம்ப நன்றி. ஆல்புமின் பார்த்ததே இல்லை, திங்கட்கிழமை எடுக்கிறோம். 8.1ஐ வேகமாக 6.5க்கு இறக்கச் சொல்லிக் கேட்கலாமா?

பதில் 2

இந்த வயதில் அவசரம் வேண்டாம், தாழ்சர்க்கரை வந்து விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். 7.5 போல ஒரு இலக்கு அம்மாவுக்குச் சரிவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தோளுக்கு இப்போதே பிசியோதெரபி ஆரம்பித்துவிடுங்கள், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.