ஐந்து வயதுப் பிள்ளையின் மூளைக்கே பாதிச் சாப்பாடு போகிறதாமே, இதை எப்படி அளந்தார்கள்?

வாணி_ஈரோடு:
என் பையனுக்கு அஞ்சு வயசு. அவன் சாப்பிடுவதில் பாதி மூளைக்கே போய்விடுகிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இது உண்மையா? உண்மை என்றால் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நல்லாயிருக்கிற குழந்தைக்கு யாராவது கதிரியக்க ஊசி போட்டுப் படம் பிடிக்கிற பெட் ஸ்கேன் எடுப்பார்களா என்ன?

ஐசோடோப்பு:
சரியான இடத்தில்தான் சந்தேகப்படுகிறீர்கள். ஆரோக்கியமான குழந்தைக்கு ஆராய்ச்சிக்காக என்று கதிரியக்க ஊசி போட மாட்டார்கள். அமெரிக்காவில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஹாரி சுகானியும் கூட இருந்தவர்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் பிறந்து 5 நாளான சிசுவிலிருந்து 15 வயது வரை 29 பிள்ளைகள். வலிப்பு மாதிரி ஏதோ ஒரு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்து, அப்புறம் பெரிய பாதிப்பு இல்லை, வளர்ச்சி சரியாக இருக்கிறது என்று தெரிந்தவர்கள். வயதோடு மூளையின் குளுக்கோஸ் செலவு ஏறி இறங்குவதைக் காட்ட இன்றுவரை எல்லோரும் எடுத்துக்காட்டுகிற வளைகோடு இவர்களிடமிருந்து வந்ததுதான்.

போடுவது எஃப்டிஜி, அதாவது ஃப்ளூரின்-18 ஒட்டிய குளுக்கோஸ் மாதிரி ஒரு பொருள். செல் இதைக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுத்து முதல் படி வரை கொண்டுபோகும், அதற்கு மேல் செரிக்கத் தெரியாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும், எங்கே அதிகம் மாட்டியிருக்கிறதோ அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். பிறந்த குழந்தைக்குத் தாலமஸ் (மூளையின் நடுவே ஆழத்தில் இருக்கும் பகுதி), மூளைத்தண்டு, தொடுவுணர்வு-அசைவுப் பகுதி ஆகியவைதான் பளிச். நெற்றிப் பக்கம் 6-8 மாதத்தில்தான் எழும். மூளை இழுக்கும் குளுக்கோஸ் 2 வயதில் பெரியவர்கள் அளவுக்கு வந்து, அதையும் தாண்டி, 9 வயது வரை உச்சத்தில் நின்றுவிட்டு, டீன் ஏஜ் முடிவதற்குள் மெல்ல இறங்குகிறது. நரம்பு இணைப்புகள் தேவைக்கு மேல் முளைத்துப் பிறகு கழிக்கப்படுகிற காலமும் ஏறக்குறைய இதுதான்.

மெய்யெழுத்து:
பாதி என்பது எதில் பாதி என்று கேட்க வேண்டும். 2014-இல் அமெரிக்க மானுடவியலாளர் குசாவாவின் குழு அந்தப் பழைய பெட் எண்களையும் எம்ஆர்ஐயில் அளந்த மூளைக் கன அளவையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. உச்சத்தில், அதாவது நாலைந்து வயதில், மூளைக்குப் போவது சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிப்பதில் சுமார் 66%, ஒரு நாளின் மொத்தத் தேவையில் சுமார் 43%. அந்த வயதில்தான் உடம்பு வளர்ச்சி மிக மந்தமாக இருக்கிறது, அதுதான் அந்தக் கட்டுரையின் சுவாரசியமே.

ஐசோடோப்பு:
ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. எஃப்டிஜி காட்டுவது உள்ளே எடுத்துக்கொண்டதை, எரித்ததை அல்ல. வளரும் மூளை குளுக்கோஸில் ஒரு பங்கைக் கட்டுமானத்துக்கும் வைத்துக்கொள்ளும். ஆக்சிஜனைத் தனியாக அளந்தவர்கள் கென்னடியும் சோகோலாஃபும், 1957-இலேயே, ஸ்கேனரே இல்லாமல்! சிரிப்பூட்டும் வாயுவைச் சுவாசிக்க வைத்து, கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்து. 3 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 5.2 மில்லி ஆக்சிஜன், பெரியவர்களுக்கு 4.2.

பச்சிளம்_வார்டு:
கதிரியக்கமே வேண்டாம் என்றால் எம்ஆர் ஸ்பெக்ட்ரோஸ்கோபி இருக்கிறது. அதே எம்ஆர்ஐ மிஷின்தான், ஆனால் படத்துக்குப் பதில் ரசாயனக் கோடுகள் வரும். பிரசவத்தில் மூச்சுத் திணறிய குழந்தைகளுக்குத் தாலமஸ் பகுதியில் லாக்டேட் (ஆக்சிஜன் போதாதபோது சேரும் பொருள்) ஏறியிருக்கிறதா, என்ஏஏ (நரம்பு செல்கள் நலமாக இருப்பதைக் காட்டும் பொருள்) இறங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். 1980-களில் லண்டனில், செல்களின் ஆற்றல் இருப்பைக் காட்டும் பாஸ்பரஸ் கோடுகளைத் தொடர்ந்து பார்த்தபோது ஒரு விசித்திரம்: முதல் நாள் ஆற்றல் இருப்பு நன்றாகத் தெரிந்த குழந்தைக்கும் அடுத்தடுத்த நாள்களில் சரிந்தது. மூச்சுத் திணறலுக்கும் அந்தச் சரிவுக்கும் நடுவில் சில மணி நேரம் அவகாசம் இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. இன்று 6 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 72 மணி நேரம் 33.5 டிகிரி செல்சியஸில் குழந்தையின் உடம்பைக் குளிர வைக்கிறோமே, அது அந்த அவகாசத்தைப் பிடிக்கத்தான்.

வாணி_ஈரோடு:
எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் பையனுக்குக் குளுக்கோஸ் பவுடர் கலக்கிக் கொடுக்கலாமா? மாமியார் ஒரே பிடியாக நிற்கிறார்.

பச்சிளம்_வார்டு:
வேண்டாம்மா. சோறு, இட்லி எதைத் தின்றாலும் உடம்பு அதைக் குளுக்கோஸாக்கிக்கொள்ளும், மூளை தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பவுடரால் பல்தான் கெடும். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.